மூன்றாவது மாடியில் மழை இல்லை

தீபாவளிக்கு நான்கு நாள்.
பட்டமங்கலத் தெரு முழுக்கக் குடைகள்.
ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் ஜன்னல் கிடையாது;
குழல்விளக்கில் எந்நேரமும் பகல் பதினொன்று.
குத்தாலத்திலிருந்து ஒரு குடும்பம்,
செம்பனார்கோயிலிலிருந்து இரண்டு,
மேசைமேல் நிறுத்தி வைத்த குழந்தை
அளவு பார்க்க மாட்டேனென்று அழுதுகொண்டிருந்தது.

"ஊதாவா, கத்திரிப்பூவா, சரியாச் சொல்லுங்க"
என்றாள் அந்தப் பெண்.
சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.
ஆறாவது பாவாடையை
மேசையில் வைக்கவில்லை, போட்டாள்.
"எடுக்குறதுன்னா எடுங்க. பின்னாடி ஆளு நிக்குது."

பின்னால் நின்ற ஆள்
எனக்காகக் கோபப்பட்டார்.
"பேச்சப் பாரு. முதலாளியக் கூப்புடுங்கம்மா."

எனக்கும் காது சுட்டது, பொய் சொல்வானேன்.
ஆனால் அந்தக் குரலை நான் அறிவேன்.
மின்வாரிய வசூல் கவுண்டரில்
கெடு முடியும் நாளன்று, மூன்று மணிக்கு மேல்,
கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து போவது அது.
"சில்லறை இல்லைன்னா தள்ளி நில்லுங்க" என்று
மணல்மேட்டுக்காரர் ஒருவரிடம்
போன மாதம் அது பேசியது.
அவரிடம் சில்லறை இருந்தது.
மூடிய உள்ளங்கையில் எண்ணி வைத்திருந்தார்.

நீலக் கோட்டில் குத்திய அட்டையில்
தையல்நாயகி என்று பெயர்.
பெயருக்குக் கீழே சிரிக்கும் வாய் ஒன்றின் படம்.
கடை கொடுத்தது.
ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு
ஒரு பாதத்தின் மேல் மறு பாதத்தை ஏற்றி
நடவு வயல் கொக்குபோல நின்றாள்.
ஸ்டூல் இல்லாமலில்லை. அதன் மேல்
விலைச்சீட்டுக் கட்டுகள் உட்கார்ந்திருந்தன.

உதவலாமென்று
பிரிந்து கிடந்த புடவை ஒன்றை மடிக்கத் தொடங்கினேன்.
"ஐயோ, விடுங்கக்கா.
கரை வெளிய தெரியணும்.
இனிமே முழுசாப் பிரிச்சு நான் மடிக்கணும்."
பிரித்தாள். மடித்தாள்.
என் நல்ல மனசு அவளுக்கு இரண்டு நிமிட வேலை.
கையைக் கட்டிக்கொண்டேன்.

மேற்பார்வையாளர் வந்தார்.
"என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?"
தையல்நாயகி என்னைப் பார்க்கவில்லை.
அளவுகோலைப் பார்த்தாள்.
"எனக்குத்தாங்க கலர் பிடிபடல.
இவங்க பொறுமையாத்தான் காட்டுறாங்க" என்றேன்.
பொறுமையா என்ற இடத்தில்
பின்னால் நின்றவர் இருமினார்.
அவள் நன்றி ஏதும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எங்கே பார்ப்பதென்று
எனக்குத் தெரிந்திருக்காது.

ஏழாவது பாவாடை. அதுவும் சேரவில்லை.
இதையே போடுங்க, போதும்.
புடவைக்கு அடியில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்.

சீட்டு எழுதும்போதுதான்,
நிமிராமல்,
வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டாள்:
"வெளிய மழ விட்டுருச்சாக்கா?"

காலையிலேயே போனைக் கீழே வாங்கி வைத்துவிடுவார்களாம்.
வீடு மண்ணியாற்றுக்கு அந்தப்புறமாம்.
நட்டுப் பத்து நாள்தான் ஆகிறதாம்,
வடிகால் இந்த வருஷமும் தூர்வாரவில்லையாம்.
ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச்
சீட்டைக் கிழித்தாள்.

"தூறல்தாம்மா" என்றேன்.

என் புடவை ஓரத்திலிருந்து
வெள்ளை டைல்ஸில்
நிற்காமல் சொட்டிக்கொண்டிருந்தது.
அதற்குள் ஒரு நாற்றங்கால் அளவுக்குத் தேங்கியிருந்தது.
குனிந்து அதைப் பார்த்தாள்.
பிறகு, முதல் தடவையாக, என்னை.

"பில்லு கீழ, நாலாம் நம்பரு" என்றாள்.
"படியில பாத்துப் போங்கக்கா. வழுக்கும்."