எரிமலையைப் பார்த்தவர்

கட்டமரான் என்கிறார் கேப்டன் அஸ்லான்.
நான் திருத்துவதில்லை.
ஊர் ஊராய்ப் போய்ச் சம்பாதித்துத் திரும்பிய சொல்
இரண்டு வயிறும் ஒரு குளிர்பெட்டியுமாக
பத்து மாவுங் துறையில் கட்டிக் கிடக்கிறது.

இன்று பத்துப் பேர்.
செருப்பைக் கூடையில் போடச் சொல்லி
தலைகளை எண்ணி, மிதவைச் சட்டைகளை எண்ணி
சியாக்காப் மீனை எண்ணினேன். பத்து.
எலுமிச்சை மட்டும் ஒன்பது.

ஜெரெஜாக் தீவைச் சுற்றி வர இரண்டரை மணி நேரம்.
சூரியன் கடலில் விழுமென்று காசு கட்டியவர்களுக்கு
அது பாயான் லெப்பாஸ் அடுக்குமாடிகளுக்குப் பின்னால்
பதினேழாம் மாடி வாக்கில் காணாமல் போவதை
ஒவ்வொரு சனிக்கிழமையும் காட்டுகிறேன்.
இதுவரை யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டதில்லை.

"இதெல்லாம் ஒரு தீவா?" என்றார் தனராஜ்.
பெட்டாலிங் ஜெயா, ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ்காரர், வெள்ளைத் தொப்பி.
"சந்தோரினி போகணும்.
எரிமலை! இன்னமும் மூச்சு விடுது.
தண்ணி ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் துரு.
கன்னங்கரேல்னு பாறை, அதுக்கு மேல வீடுங்க
உப்பைக் கொட்டி வெச்ச மாதிரி.
இதே மாதிரி படகுதான். இறால் சுட்டுக் கொடுத்தான்.
அழுகின முட்டை வாசம் ஒண்ணு வரும் பாருங்க,
அதுதான் கந்தகம்."

ஈப்போவிலிருந்து வந்திருந்த இரண்டு நர்சுகளும்
படம் எடுக்க மறந்து கேட்டார்கள்.
ஒருத்தி ஜெரெஜாக்கைக் காட்டி
"இதுவும் எரிமலையா அக்கா?" என்றாள்.
கருங்கல், என்றேன்.
முன்னே தொழுநோயாளிகளை வைத்திருந்தார்கள், அப்புறம் கைதிகளை.
அவள் மறுபடி தனராஜ் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாலம் நெருங்கும்போது
புஷ்பலீலா அம்மா கீழே சமையலறைக்கு இறங்கி வந்தார்.
தண்ணீர் கேட்டார். கொடுத்ததைக் குடிக்கவில்லை.
என் கையிலிருந்து கத்தியை வாங்கி
ஒன்பது எலுமிச்சையைப் பதினெட்டாக்கினார்.

"அங்க அவர் மேலேயே வரலம்மா.
ஏறின பத்தாவது நிமிஷம் வாளியைப் பிடிச்சவர்தான்,
கரை சேர்ற வரைக்கும் விடல.
எரிமலையை நான்தான் பார்த்தேன்.
அவர் பங்கு இறாலையும் நான்தான் தின்னேன்.
ராத்திரி ரூம்ல விளக்கை அணைச்சிட்டு
ஒண்ணொண்ணா சொன்னேன்.
அந்த முட்டை வாசம் மட்டும் அவரோடது.
ஜன்னல் இடுக்குல வந்திருக்கு."

தலைக்கு மேலே பட்டர்வொர்த் லாரிகள் உருண்டன.
எண்ணெய்ச் சட்டி மெல்ல அதிர்ந்தது.

"பதினோரு வருஷம் ஆச்சு.
நான் இவ்வளவு நல்லா சொல்லல அவர்கிட்ட."

மீன் மேலே போனது. சம்பல் போனது, சோறு போனது.
தனராஜ் எல்லாவற்றையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.
திரும்பும் வழியில் ஒரு இழுவைப் படகு
வேகத்தைக் குறைக்காமல் குறுக்கே போக
அதன் அலை எங்கள் இரண்டு வயிற்றையும் மாறி மாறித் தூக்கியது.
கண்ணாடிக் குவளை ஒன்று உருண்டது.
பச்சைத் தண்ணீர் வரைக்கும் வந்திருந்த பேச்சு
அங்கேயே நின்றது.
அவர் மேல் உதட்டில் வியர்வை.

பழக்கதோஷம். நீல வாளியை எடுத்துப் போய்
சத்தமில்லாமல் அவர் காலடியில் வைத்தேன்.
வாளியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
பிறகு, மெதுவாக, மனைவியைப் பார்த்தார்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இங்க கொண்டா," என்றார் புஷ்பலீலா அம்மா.
"எனக்குத்தான் கேட்டேன்."
வாளியை இழுத்துத் தன் முழங்கால்களுக்கு நடுவே வைத்து
தலையைக் குனிந்துகொண்டார்.
உள்ளே நாலு ஐஸ் துண்டும் ஒரு மீன் செதிலும்தான் இருந்தன.
அதையே பார்த்துக்கொண்டிருந்தார், வெகுநேரம்.

அலை ஓய்ந்தது.
தனராஜ் தொப்பியைச் சரி செய்தார்.
அவர் கை மனைவியின் முதுகில் மேலும் கீழும் தடவ
நர்சுகளிடம் சொன்னார்,
"பாவம், இவங்களுக்குக் கடல் ஒத்துக்காது.
அங்கேயும் இப்படித்தான்."