மூன்றாம் நம்பர் கொம்பியூட்டர்

டொக்யாட் வீதியில் டயர்க்கடைக்கு மேல்மாடி.
மூன்று கொம்பியூட்டர், இரண்டரைக் கதிரை,
மணித்தியாலம் நூற்றைம்பது.
பிரேசிலில் நாலுபேர் கூடிச் செய்த கேம் ஒன்றை
கிண்ணியாவிலிருந்து இல்ஹாம் கொண்டுவந்தான்.
காசு குடுத்து வாங்கினது என்று மூன்றுதரம் சொன்னான்.
நான் ஒருதரமும் கேட்கவில்லை.

காடு. ஆறு. இராத்திரியில் நெருப்பாய் ஊரும் பாம்பு.
சுழல்காற்றுக்குள்ளிருந்து இறங்குகிறான்
சிவப்புத் தொப்பியும் சுங்கானுமாய்
ஒற்றைக்கால் பொடியன்.
பேச்செல்லாம் போர்த்துக்கேயம்.

"கோயிலை இடிச்சுக் கோட்டை கட்டினவங்கட பாஷை,
எனக்கு வேண்டாம்" என்று எழும்பினான் கோகுலவாசன்.
இல்ஹாம் விடவில்லை:
"மேசை, அலுமாரி, சன்னல்...
அரைவாசி நீயும் அதைத்தான் பேசுறாய்."
பூட்டிய கதவொன்றின் முன் நின்று யாரோ
ஷாவி, ஷாவி என்று கத்தினார்கள்.
எல்லாரும் ஒரே மூச்சில் சொன்னோம்:
சாவி!
கோகுலவாசன் திரும்ப இருந்தான்.

பிறகு மூன்று கிழமை வாக்குவாதம்.
டயர்க்கடைக்காரர் கீழிருந்து
தும்புத்தடியால் சீலிங்கை இடித்துக்கொண்டேயிருந்தார்.

கோகுலவாசனுக்குத் திருக்கடலூர், வலைக்காரக் குடும்பம்.
"டொல்பின் ஆம்பிளையா மாறி
உச்சந்தலை ஓட்டையை மறைக்கத் தொப்பி போட்டு
ஆட்டத்துக்கு வருமாம்.
எங்கட வலையில ஒண்டும் உடுத்திக்கொண்டு வரேல்ல.
ஆனா தண்ணி கீறினவனுக்குக் கை இருக்கு.
காத்து மாற நிறமும் மாறுது பார்."

சீனக்குடாத் தினுக இரண்டு மணித்தியாலம்
ஒரு காலடித் தடத்தின் பின்னால் அலைந்தான்.
கேம் பிழை என்று சிங்களத்தில் ஏசினான்.
பிழையில்லை.
காட்டைக் காவல்காக்கிற அந்தக் குட்டியனுக்கு
பாதம் பின்னுக்குத் திரும்பியிருக்கிறது.
தடம் போகிற பக்கமெல்லாம் அவன் வந்த பக்கம்.
விளங்கியதும் தினுக
இன்னும் கூடவாய் ஏசினான்.

ஆற்றுப் பெண் பாடினால் ஆண்கள் தாழ்ந்துபோவார்களாம்.
பிரதாயினி பெண்ணாக விளையாடினாள்.
தாழவுமில்லை, தாண்டவுமில்லை.
கரையில் நிறுத்திவிட்டு
இருபது நிமிஷம் பாட்டுக் கேட்டாள்.
"விளையாடாத நேரத்துக்குக் காசு எடுக்காதீங்க அண்ணா."
எடுத்தேன்.

மிச்சமெல்லாம் அந்தப் பொடியனைப் பற்றி.
ஒற்றைக்காலில் அவ்வளவு உயரம் எழும்புவானா?
ஓவர், என்றான் ஒருவன்.
கதைதானே, என்றான் இன்னொருவன்.
ரூபவர்மன் படியேறும் சத்தம் கேட்டது.
எல்லாரும் மவுஸைப் பார்த்தார்கள்.

சம்பூரிலிருந்து பஸ்ஸில் வருவான்.
எந்த வெயிலிலும் நீளக் காற்சட்டை.
படியில் ஒரு அடி தோல் செருப்பு, ஒரு அடி பிளாஸ்டிக்.
மூன்றாம் நம்பரில் இருந்து
ஹெட்போனை மாட்டி
இருட்டும்வரை ஒன்றும் பேசவில்லை.

பிறகு சொன்னான்:
"பாயிறது பொய்.
விழுற சத்தம் சரி.
முதல்ல குதி, பிறகு சின்னதா ஒரு இழுவை.
செய்தவன் ஆரையோ
கிட்ட இருந்து பார்த்திருக்கிறான்."

ஒருவரும் பத்துக்கு எத்தனை என்று கேட்கவில்லை.

மறுநாள் கேட்டான்:
"தொப்பியப் பறிச்சா என்ன நடக்கும்?"
"நீ சொல்றதெல்லாம் செய்வான்" என்றான் இல்ஹாம்.
"பறிக்காட்டி?"
"கேம் முன்னுக்குப் போகாது."

அப்ப நிக்கட்டும், என்றான்.

கரண்ட் போனது, வந்தது. கேம் சேவ் ஆகியிருந்தது.
ரூபவர்மன் இப்போது கார் ஓட்டப் பந்தயம் விளையாடுகிறான்,
எல்லா வளைவிலும் மோதுகிறான்.
டிஸ்கில் இடமில்லை, பழசுகளை அழி என்று
கோகுலவாசன் கிழமைக்கொருக்கால் கத்துவான்.
அழித்தேன் கொஞ்சம்.

எழுபத்தொரு வீதத்தில் ஒரு பைல் கிடக்கிறது.
திறந்தால் காடு, மழைக்கு முந்திய வெளிச்சம்,
தொப்பியோடு ஒருவன்.
ஒற்றைக்காலில் லேசாக ஆடி ஆடி
நிலை பார்த்துக்கொண்டு நிற்கிறான்.