வரைவின் தமிழ்ப் பிரதி

ஆங்கிலத்தில் வந்தது பதினொரு பக்கம்.
வெள்ளிக்கிழமைக்குள் தமிழ் வேண்டுமாம்.
மாகாணத்துக்குள் அந்த நிலையங்களுக்கு
உரிமம் வழங்கும் நியதிச்சட்டம், மூன்றாம் வரைவு.
மொழிபெயர்ப்பாளர், இரண்டாம் தரம், நான்.
தலைப்பிலேயே கால் தடக்கி நிற்கிறேன்.

'சூதாட்டம்' என்று எழுதினேன்.
உதவிச் செயலாளர் சிவப்பால் வெட்டினார்:
"கொஞ்சம் மங்களமா எழுதுங்கோ, மிஸ்."
'கேளிக்கை' என்றேன்.
அதை சினிமாக் கொட்டகை வரிக்கு
எப்போதோ கொடுத்தாயிற்றாம்.
'விளையாட்டு' என்றேன்.
மறுநாள் விளையாட்டுத் திணைக்களத்திலிருந்து போன்:
மைதானம் எத்தனை ஏக்கர்?

"கசினோ எண்டே போடுங்க" என்றாள்
பக்கத்து மேசை நஃபீலா.
"பிஸ்கட் பேர் மாதிரி இருக்கு.
ஒருத்தரும் பயப்படமாட்டாங்க."

பிரிவு நான்கு, உபபிரிவு இரண்டு:
வெளிநாட்டுக் கடவுச்சீட்டு காட்டுபவர்க்கே அனுமதி.
பிரிவு ஒன்பது:
பணியாளரில் அறுபது வீதத்தினர்
இம்மாவட்டத்தவராய் இருத்தல் வேண்டும்.
இரண்டையும் சேர்த்து வாசித்தால்
நாங்களும் உள்ளே போகலாம்,
கையில் ஒரு தட்டோடு.

நகர மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள்.
மூன்று மின்விசிறியில் ஒன்று சுழன்றது.
ஒரு குருக்கள், ஒரு மௌலவி, ஒரு பிக்கு, ஒரு பாதர்
நாலு பேரும் ஒரே வரிசையில் இருந்ததை
திருகோணமலையில் அன்றுதான் பார்த்தேன்.
நாலு பேரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்.
பிறகு உப்புவெளி டிலுக்சன் எழும்பினான்.
ஹோட்டல் படித்தவன்.
டோஹா வேலைக்கென்று ஆறு லட்சம் கட்டி
ஏஜென்சியின் பூட்டிய கதவைப் பார்த்து வந்தவன்.
"நான் அங்க கட்டினதும் சூதுதானே ஐயா.
அதை ஒருத்தரும் மறிக்கேல்லை.
இது வந்தா வீட்டில சாப்பிட்டிட்டு வேலைக்குப் போவன்."
பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அறிக்கையில் நான் எழுதியது:
'இளைஞர் ஒருவர் ஆதரவு தெரிவித்தார்.'

என் கதைக்கு அறிக்கையில் இடமில்லை.
பெண் கேட்டு வந்தபோது சொன்னார்கள்,
சூதுவாது தெரியாத பெடியன் என்று.
வாது தெரியாதுதான்.
ஒரு சொல் மறுத்துப் பேசாமல், கெஞ்சியே
என் ஆறு காப்பையும் வாங்கிப் போனார்.
சீனக்குடாவில் ஒரு கராஜின் பின்னறை.
முந்நூற்றி நாலில் தொடங்குவார்கள்,
விடியும்போது வேறெதிலோ நிற்பார்கள்.
அங்கே உரிமம் இல்லை, வரி இல்லை,
மூடும் நேரம் இல்லை.
பிரிவு பதினொன்றை மொழிபெயர்க்கும்போது நினைத்தேன்:
சட்டம் அன்றே இருந்திருந்தால்
காப்புகள் மிஞ்சியிருக்குமோ,
இல்லை, ஒழுங்கான ரசீதோடு போயிருக்குமோ?

இதையும் சொல்லத்தான் வேண்டும்.
சம்பளம் வந்த வாரத்திலிருந்து தீரும் வாரம் வரை
வெள்ளி தவறாமல்
பஸ் நிலையத்தடியில் ஒரு சீட்டு வாங்குகிறேன்.
அரசாங்கமே அச்சடித்தது.
அதற்கு மட்டும் எவ்வளவு வடிவான தமிழ்:
அதிர்ஷ்ட இலாபச் சீட்டு.
மூன்று சொல்லில் ஒன்றிலும் தோல்வி இல்லை.
அதை எழுதியவர் நிச்சயமாய் முதலாம் தரம்.

வெள்ளி, நாலு மணி.
எல்லா இடத்திலும் கசினோ என்று போட்டுவிட்டேன்.
ஏழாம் பக்கத்து அடிக்குறிப்பில் மட்டும்
'சூது' அப்படியே கிடக்கிறது.
கவனக்குறைவு என்பார்கள்.
தரம் உயர்வுக்கு அது ஒரு தடையாகவும் இருக்கலாம்.

சீட்டுப் பெட்டியடியில்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
விழாத இலக்கங்களை மென்றுகொண்டு நின்றது.
நான் வாங்கியதைச் சுரண்டவில்லை.
அடகுச் சீட்டுகளோடு மடித்து வைத்தேன்.

நிலாவெளி பஸ் வந்தது.
நூறு ரூபாய் நீட்டினேன்.
சில்லறை இல்லை அக்கா, இறங்கேக்க தாறன்
என்றான் கொண்டக்டர், முகத்தைப் பாராமலே.
சரி என்றேன்.