இந்தப் பக்கம் புல்லுக்கு

சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டேன்.
ப்ளக் ஒயரைக் கழற்றி எட்ட ஒதுக்கினேன்.
அதற்குப் பிறகுதான் வண்டிக்கு அடியில் கை.
எனக்கு முன்னால் இதை ஓட்டிய சிக்கண்ணனுக்கு
இடது கையில் மூன்றரை விரல்.
எப்படி என்று நான் கேட்டதில்லை.
அவர் டீ கிளாஸைப் பிடிக்கிற விதமே போதும்.

பத்து நாளாகக் கத்திக்கொண்டிருந்தது பெல்ட்,
பர்கூர் நிறுத்தத்தில் பிரேக் அடிக்கும் டவுன் பஸ் போல.
கழற்றித் திருப்பி மடக்கிப் பார்த்தால்
குதிகால் வெடிப்பு மாதிரி வரிவரியாக.
உள்பக்கம் மட்டும் பளபளவென்று மெருகு.
மனிதருக்கு எப்படியோ,
பெல்ட்டுக்கு மெருகு வந்தால் ஆயுசு முடிந்தது.

கிருஷ்ணகிரியில் மூன்று கடை ஏறினேன்.
ஒருவர் மாவு மில் பெல்ட்டை எடுத்துப் போட்டார்.
“நீளம் ஒண்ணுதானே?”
நீளம் ஒன்றுதான். உள்ளே ஓடும் நூல் வேறு.
நாலாவது கடையில் கிடைத்தது,
பில் இல்லாமல்.
பில் இல்லாததால் இன்றுவரை
அது என் காசில் சுற்றுகிறது.

கத்திகள் இரண்டு.
ஜூன் மாதம் கேட்டுக்கு வெளியே வரிசை நிற்கும் லாரிகளிலிருந்து
தின்று எறிந்த பெங்களூரா கொட்டைகள்
புல்லுக்குள் காய்ந்து கிடக்கும்.
அவற்றையாவது கத்தி பொறுத்துக்கொள்ளும்.
நடைபாதை ஓரம் அழகுக்குக் கொட்டிய
கருங்கல் சில்லுகள்தான் வினை.
கத்தியின் வாயில் பல் பல்லாக ஓட்டை.

அரத்தை ஒரே திசையில் தள்ளினேன்.
இந்த முனைக்கு நாற்பது, அந்த முனைக்கு நாற்பது.
சவரக்கத்தி அளவு கூர் வேண்டாம்,
முதல் கல்லிலேயே மடங்கிவிடும்.
பிறகு சுவர் ஆணியில் நடு ஓட்டையை மாட்டிக் கையை எடுத்தேன்.
இடது பக்கம் தாழ்ந்தது.
இன்னும் பத்து.
மறுபடி தாழ்ந்தது.
இன்னும் ஆறு.
பிறகு ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காமலிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள்.
வியாழன் இருட்டும் நேரம்,
செல்போனை வாயில் கவ்வி வெளிச்சம் காட்டி,
கட்டை கொடுத்துக் கத்தியைத் தடுத்து
போல்ட்டை முறுக்கி முடித்தேன்.
மூன்று முட்டிலும் கிரீஸ்.
பெல்ட் எந்தச் சக்கரத்துக்கு உள்ளே, எதற்கு வெளியே என்பது
சம்பளச் சீட்டின் பின்பக்கம் வரைந்து வைத்திருந்தேன்.
அதில் பிசகில்லை.

விடிந்ததும் ஓட்டினேன்.
கத்தல் இல்லை, உதறல் இல்லை.
நான் போகும் வழியெல்லாம் புல் பணிவாகச் சாய்ந்தது.
கொடிக்கம்பம் வரை போய்த் திரும்பிப் பார்த்தால்
சாய்ந்ததெல்லாம் எழுந்துகொண்டிருந்தது,
மேனேஜர் கார் கடந்த பின்
வாட்ச்மேன் நிமிர்வது மாதிரி.

லேபிலிருந்து நாகவேணி வந்தாள்.
“இன்னும் ஆரம்பிக்கலையா?”
“அரை ஏக்கர் முடிச்சுட்டேன்.”
அவள் சிரிக்கவில்லை. அதுதான் உறுத்தியது.

மறுபடி சாவி, மறுபடி ஒயர், மறுபடி அடியில்.
கழற்றிய கத்தியை மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் தேய்க்க,
காய்ந்து அப்பிய புல்லுக்குக் கீழே
தகட்டில் குத்திய இங்கிலீஷ் எழுத்துகள்.
கூழின் இனிப்பை அளந்து குறிக்கும் அதே குரலில்
நாகவேணி படித்துச் சொன்னாள்:
“இந்தப் பக்கம் புல்லுக்கு.”
அதுவரை அந்தப் பக்கம்
வண்டியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பத்தரைக்குள் வெட்டி முடித்தேன்.
பதினொன்றுக்கு வந்தவர்கள்
காரிலிருந்து இறங்கி நேராகக் குளிர் அறைக்குப் போனார்கள்.
புல்லை யாரும் பார்க்கவில்லை.
ஒருவர் மட்டும் தும்மினார்.

புதுப் பெல்ட் கொஞ்சம் நீளும்.
இரண்டு வாரத்தில் மறுபடி இறுக்க வேண்டும்.
மறக்காமலிருக்க ஷெட் சுவரில் எழுதப் போனால்
அங்கே ஏற்கெனவே சாக்பீஸில் தேதிகள்,
சிக்கண்ணன் கையெழுத்து,
ஒன்றன் கீழ் ஒன்றாக.
கடைசி வரியில் தேதி இருக்கிறது,
மாதம் எழுதவில்லை.

கொஞ்சம் இடம் விட்டு
என்னுடையதை எழுதினேன்.
மாதத்தோடு.