ஒட்டுச் சுவர்

பால்டிமோர். கிழக்குப் பக்கம்.
இந்த வரிசையில் இருபத்திரண்டு வாசலுக்குத்
தபால் போட்டவன் நான்.
இப்போது ஒன்றுதான்:
திருமதி வெர்லீன் டாகெட்.

வங்கிக்காரன் தன் வரைபடத்தில்
அவள் அப்பன் காலத்திலேயே
தெருவுக்குச் சிவப்பு அடித்துவிட்டான்.
நகராட்சி போன மாதம்தான் வந்தது,
கதவுக்குக் கதவு சிவப்புப் பெருக்கல் குறி:
தீப்பிடித்தால் உள்ளே போகாதே.

ஒட்டியிருந்த வீட்டை இடித்தபின்
அவள் சுவரில் ஏறுகிறது
அடுத்தவர் மாடிப்படியின் தழும்பு,
பாதியில் திரும்பி, எங்கும் போகாமல்.
மேலே ஒரு சதுரம் வெளிர்ப்பச்சை.

"முப்பத்தொரு வருஷம் பக்கத்தில் இருந்தும்
அவர்கள் குளியலறை பச்சையென்று
இப்போதுதான் தெரியும்."

மழை நேரே அந்தச் சுவரில்.
இல்லாத வீட்டுக்கு வந்த
தண்ணீர் வரி நோட்டீஸை நீட்டினேன்.
வாங்கி,
ஒழுகும் இடத்தில் விரித்தாள்.