முப்பத்தேழு சென்ட்

லத்தேரி தாண்டி மண்சாலை திரும்பும் இடத்தில்
முப்பத்தேழு சென்ட், ஓட்டு வீடு ஒன்று, கிணறு ஒன்று
என்றது பத்திரம்.
நான் பார்த்தது முள் மட்டும்.
வீடு உள்ளே இருப்பதாக
புரோக்கர் தரணி கையை நீட்டிக் காட்டினார்,
நடை சாத்திய நேரத்தில்
சாமி இருக்கும் திசையைக் காட்டுவது போல.

சீமைக்கருவேலம்.
யாரும் நடவில்லை. யாரும் ஒரு குடம் ஊற்றவில்லை.
பதினாறு வருடமாக
படியை, வாசலை, ஜன்னல் கம்பியை
ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது,
என்னைப் போல் வங்கிக் கடன் இல்லாமல்.

மாசிக் கடைசியில் குடியாத்தத்திலிருந்து
இர்ஷாத் ஜேசிபி கொண்டுவந்தான்.
ரெண்டு மணி நேர வேலை என்றான்.
ஏழு மணி நேரம் ஓடியது.
நடுவில் முள்ளேறி முன் டயர் இறங்கியது.
அதுவும் என் கணக்கில்.
சாய்ந்து கிடந்த பச்சையைப் பார்த்து நான் சிரித்தபோது சொன்னான்:
"தலதான்கா போச்சு. காலு கீழ கீது."

காலைத் தேடி
நானும் எல்லம்மாவும் கடப்பாரை போட்டோம்.
வேலூர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
இருபத்தொரு வருடம் ஊசி பிடித்த கை இது.
நரம்பு ஒளிந்திருக்கும் இடம் தெரியும்,
வேர் ஒளியும் இடம் தெரியவில்லை.
முதல் முள் கட்டைவிரலில் ஏறி உள்ளேயே ஒடிந்தது.
"சின்னதா ஒரு குத்து, அவ்ளோதான்" என்று
எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன்.
பொய்.

கிணற்றில் தண்ணீர் தவிர எல்லாம் இருந்தது.
ஜோடி சேராத இரண்டு செருப்பு,
சைக்கிளின் பின் சக்கரம்,
மூன்று போகிக்கு முந்தைய பாய்.
சுவரில் மட்டும் தண்ணீர் நின்ற கோடுகள்
ஒன்றின் கீழ் ஒன்றாக,
இறங்கிப் போனவர் படியில் வைத்த கால் போல.
தொட்டியின் சிமெண்டில் ஈரத்தில் யாரோ ஆணியால் கீறியது:
த. கோமளா, 5 ஆ.
அந்த மூலையை மட்டும் கொத்தனாரைப் பூசவிடவில்லை.
ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

மின் இணைப்பு மு. தெய்வசிகாமணி பெயரில் இருக்கிறது.
பெயர் மாற்ற அவரே வரணும் என்றார்கள்.
இறந்துவிட்டாரே என்றேன்.
அப்ப வாரிசு வரட்டும்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
போய்ச் சேர்ந்தவர் ஃபேன் போட்டுக்கொள்கிறார்,
நான் பணம் கட்டுகிறேன்.

சித்திரை பிறந்ததும்தான் புரிந்தது
என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று.
மொட்டையடித்த தலையாய் நிலம்.
எதிர்க் கரட்டின் பாறை
பகலெல்லாம் வாங்கிய சூட்டை
ராத்திரி பத்து மணிவரை திருப்பித் தந்தது.
நான்கு வேம்பு, ஒரு புங்கை நட்டேன்.
ஆட்டுக்குப் பயந்து வலைக்குள் நிற்கும் அவற்றின் நிழலில்
ஒரு எறும்புக் குடும்பம் வேண்டுமானால் சாப்பிடலாம்.

கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே
ஜேசிபி கை நுழையாத சந்தில்
ஒன்று தப்பியிருந்தது.
அதே சீமைக்கருவேலம்.
வெட்டிடுங்க என்றார் விஏஓ,
"மூணே வருஷம், பழையபடி ஆயிடும்."
அவர் சொன்னது சரி.
சொன்னபோது தன் பைக்கை
அதன் அடியில்தான் நிறுத்தியிருந்தார்.

மதியம் எல்லாரும் அங்கேதான்.
எல்லம்மா, கொத்தனார், அவிழ்த்துவிட்ட யாருடையதோ கன்று,
பாக்கி வாங்க வந்த இர்ஷாத்.
சோற்றை வாயில் வைத்துக்கொண்டே
மேலே பார்த்து, "இத ஏன்கா வுட்டுவச்ச?" என்கிறான்.

வேம்பு என் தோள் உயரம் வரட்டும்.
இப்போது முழங்கால்.
அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில்
ஆடுகள் தின்று போட்ட புழுக்கையிலிருந்து
இரண்டிரண்டு இலையாய் எழும் அதன் குஞ்சுகளை
ஈரம் காயுமுன் பிடுங்குகிறேன்,
அதன் நிழலிலேயே உட்கார்ந்து.