பச்சை எது, சிவப்பு எது

மூடுபனி கதவைத் தட்டாமலே
உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊர் இது, லூனென்பர்க்.
துறைமுகத்திலிருந்து மரப்படி ஏறினால்
முதல் கடை என்னுடையது.
துணி வெட்டுவது தொழில்.
யோசனை சொல்வது, யாரும் கேட்காமலே,
என் கெட்ட பழக்கம்.

மார்வா கார்க்கம் பத்தேகாலுக்கு வந்தாள்.
பின்னாலேயே எல்டன். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு
ஓட்டைச் சாக்ஸில் நின்றான்.

"கட்டிலில் விரித்தால்," என்றாள்,
"அறைக்குள் வருகிறவர்கள்
சொல்ல வந்ததை மறக்கணும்.
அப்படி ஒரு கில்ட்."

பூக்களை இறக்கினோம்.
பியோனி. லூபின். அரக்குச் சிவப்பில் டேலியா.
எந்தத் தோட்டமும் பார்த்திராத நீலச் செம்பருத்தி.
வாடாமல்லி நிறத்தில் கொத்துக் கொத்தாய் என்னவோ,
ஓரத்தில் பெயர் அச்சாகவில்லை.
இலைகளுக்குப் பாசிப்பச்சை, கிளிப்பச்சை,
மழை விட்ட மறுநாளின் பச்சை.
ஒவ்வொரு சுருளும் மேசைமேல் உருளும்போது
தொப் தொப்பென்று சத்தம்,
யாரோ மாடியில் நடப்பதுபோல.

பதினாலு துணி.
துண்டு துண்டாய் அடுக்கினாள், கலைத்தாள்,
திரும்ப அடுக்கினாள்.
பியோனியைக் கொண்டுபோய் டேலியா பக்கத்தில் வைத்தால்
இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.
தனித்தனியே ஒவ்வொன்றும் அழகி.
சேர்த்துவைத்தால் மீன் ஏலம்:
எல்லாரும் கத்துகிறார்கள்,
விலை மட்டும் காதில் விழவில்லை.

எல்டன் படகுகளுக்கு வண்ணம் அடிப்பவன்.
சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்றுதான், ஊருக்கே தெரியும்.
நிக்கிள் வீட்டுப் படகின் அடிவயிற்றை ஒருமுறை
பச்சையாக்கிவிட்டான்;
டப்பா மூடியில் எழுத்து அழிந்திருந்ததாம்.
அன்றிலிருந்து மார்வா
ஒவ்வொரு மூடியிலும் தச்சுப் பென்சிலால்
கொட்டை எழுத்தில் எழுதிவைக்கிறாள்.

பேச்சுக்குத்தான் கேட்டாள்:
"எப்படியிருக்கு?"

வெகுநேரம் பார்த்தான்.
"எங்கே இருக்கு?"

"எது?"

"நட்சத்திரம். நட்சத்திரம் போடப்போவதாய்ச் சொன்னாயே.
எனக்குக் கரை தெரியாத பனிதான் தெரிகிறது."

மார்வா கத்தரிக்கோலை
வைக்கவேண்டியதைவிடக் கொஞ்சம் வேகமாய் வைத்தாள்.

நான் இமையைப் பாதி மூடிப் பார்த்தேன்.
இருபது வருடத் தொழில்;
முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.
பூக்கள் போயின. பெயர்கள் போயின.
சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம்
ஒரே மட்டத்தில் தேங்கிய தண்ணீர்.
மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

அவன் சாக்ஸ் காலோடு அலமாரிக்குப் போனான்.
கேட்கவில்லை. விரல் வைத்து உருவினான்:
மசிக்கறுப்பில் கடுகளவு வெள்ளைப் பூ ஒன்று.
பிறகு, ஐயோ, அந்த மஞ்சள்.
பித்தம் ஏறிய மஞ்சளில் வெளிறிய டெய்சி.
மூன்று வருடம் முன்பு
தப்பான எண்ணை எழுதி வரவழைத்தது.
அப்போதிருந்து அதைச் சுவர்ப்பக்கம் திருப்பியே வைத்திருந்தேன்.

"இது என்ன நிறம்?" என்றான்.

"சொல்லாதே," என்றாள் மார்வா, என்னிடம்.

கறுப்பைச் சுற்றிலும் வைத்தாள்.
மஞ்சளை முனைகளில்.
பியோனிகள் நடுவில் கூடி வாயை மூடிக்கொண்டன,
அப்புறம் மேசையிலிருந்து எட்டு முனையும்
குத்துவதுபோல் எழுந்தது.
வாசலில் தபால்காரி வந்து நின்றாள்.
கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

ஏழு துணி திரும்ப அலமாரிக்குப் போயின.
நீலச் செம்பருத்தியை மட்டும் மார்வா விடவில்லை.
எங்கே வைத்தாலும் பொருந்தவில்லை,
மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தாள்.
"பின்பக்கத்துக்கு," என்றாள் கடைசியில்,
"யாரும் பார்க்காத பக்கம் எனக்கு."

வெட்டிய துண்டுகளுக்கு நாடா ஒட்டி எழுதினாள்,
அதே கொட்டை எழுத்து.
எட்டிப் பார்த்தேன். நிறத்தின் பெயர் ஒன்றுகூட இல்லை.
இருட்டு. இருட்டு. நடு. வெளிச்சம்.

எல்டன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.
நான் பில் போட்டேன்.
மஞ்சளுக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.